வேர்டு அட்டவணையின் கட்டங்களுக்குள் படம் வைப்பது எப்படி? பைத்தான்-டாக்ஸ் முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் படம், அதன் பக்கத்தில் பெயர், எடை, விலை. வரிசைக்கு வரிசை இதே அமைப்பில் நாற்பது ஐம்பது பொருள்களுக்கு ஒரு வேர்டு கோப்பு வேண்டும். கையால் செய்தால் அரை நாள் போய்விடும். விலை மாறினால் மறுபடியும் அரை நாள். பைத்தானில் எழுதிவைத்தால் சில நொடிகளில் முடியும். இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அந்த இடங்களை ஒதுக்கிவிடாமல், செய்ய வேண்டிய வரிசைப்படியே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாகப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கருவாடு விற்கும் ஒரு மகளிர் குழுவின் விலைப்பட்டியலை வைத்துக்கொள்வோம். நெத்திலி, சீலா, வாளை, திருக்கை, காரல், சூடை என்று வகைகள் பல. மதுரையிலோ பரமக்குடியிலோ இருந்து வாங்குகிறவருக்குப் பெயரைவிடப் படம்தான் நம்பிக்கை தரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரத்து மாறும், விலையும் மாறும். ஆகவே இந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க நேரும். கீழே சொல்லும் முறை அதை மனத்தில் வைத்தே அமைந்தது.

கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில், அடிக்கோடு காட்டிய இடத்தில் அடிக்கோடுடன் தட்டச்சு செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் பைத்தான் 3, அதோடு இரண்டு லைப்ரரிகள்: வேர்டு கோப்புக்குப் பைத்தான்-டாக்ஸ், படங்களைச் சீர்செய்யப் பில்லோ.

முதல் தடுமாற்றம் நிறுவும்போதே வந்துவிடும். நிரலின் முதல் வரியில் 'டாக்ஸ்' என்ற பெயரில்தான் லைப்ரரியை அழைக்க வேண்டும். ஆனால் லைப்ரரிகளை நிறுவும் பிப் கட்டளையில் 'பைத்தான்-டாக்ஸ்' என்று முழுப் பெயரைக் கொடுக்க வேண்டும். வெறும் 'டாக்ஸ்' என்று நிறுவினால் வேறொரு பழைய தொகுப்பு வந்து உட்காரும். 'எக்ஸெப்ஷன்ஸ் என்ற மாட்யூல் இல்லை' என்று பிழை வந்தால் காரணம் இதுதான். அதை நீக்கிவிட்டுச் சரியானதை நிறுவுங்கள்.

இன்னொன்று: உங்கள் நிரல் கோப்புக்கு 'டாக்ஸ்' என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தான் லைப்ரரியைத் தேடும்போது உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு ஃபோல்டர். அதற்குள் மூலப் படங்களுக்கு ஒன்று, சீர்செய்த படங்களுக்கு ஒன்று எனத் தனித்தனி ஃபோல்டர்கள். மூலப் படங்களின் மேல் எழுதவே கூடாது. அளவு தவறிவிட்டால் திரும்பிப் போக வழி இருக்காது.

2. முதலில் அளவைத் தாளில் எழுதுங்கள்

பெரும்பாலோர் நேரே நிரலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் படம் கட்டத்தைத் தள்ளிக்கொண்டு தாளுக்கு வெளியே ஓடுகிறது. கட்டத்தின் அகலம் முதலில் முடிவாக வேண்டும். படத்தின் அளவு அதிலிருந்து வர வேண்டும்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இரு ஓரமும் 15 மி.மீ. விட்டால் மீதி 180. அதைப் படத்துக்கு 45, பெயருக்கு 65, எடைக்கு 30, விலைக்கு 40 என்று பிரிக்கலாம். வேர்டு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இடமும் வலமும் ஏறக்குறைய 1.9 மி.மீ. இடைவெளி விடும். ஆகவே 45 மி.மீ. கட்டத்தில் படத்துக்குக் கிடைப்பது 41 மி.மீ. சொச்சம். படத்தை 40 மி.மீ. என்று வைத்தால் நிம்மதி.

உயரம்? நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் 40-க்கு 30 மி.மீ. வரும். வரிசையின் உயரம் 32 மி.மீ. என்று கொண்டால், தலைப்புக்கு இடம் போக ஒரு பக்கத்தில் ஏழு வரிசை வசதியாக அடங்கும்.

அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 40 மி.மீ. என்பது 1.57 அங்குலம், அதாவது 472 புள்ளி (பிக்சல்). நாம் 600-க்கு 450 என்று வைத்துக்கொள்வோம். செல்பேசியில் எடுத்த 4000-க்கு 3000 புள்ளிப் படத்தை அப்படியே வைத்தால் தாளில் தெளிவு கூடாது, கோப்புதான் வீங்கும். ஐம்பது படம் சேர்ந்தால் மின்னஞ்சலிலேயே போகாது.

3. படங்களைச் சீர்செய்தல்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே ஐந்தாவது படிக்குப் போகிறவர்களே அதிகம். பிழைகளில் பாதி இங்கே தீர்ந்துவிடும் என்பதால் பொறுமையாகச் செய்யுங்கள்.

பில்லோவில் ஒவ்வொரு படத்தையும் திறந்து, இந்த வரிசையில் நான்கு வேலைகள்:

முதலாவது, இமேஜ்ஆப்ஸ் பகுதியில் உள்ள எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ். செல்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் பல நேரம் கோப்புக்குள் படுத்த நிலையிலேயே இருக்கும். 'இப்படித் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். பைத்தான்-டாக்ஸ் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. அதனால் கேலரியில் நேராகத் தெரிந்த படம் வேர்டில் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். இந்தக் கட்டளை படத்தை உண்மையாகவே திருப்பிவிடும். இதை முதலிலேயே செய்ய வேண்டும். அளவைக் குறைத்துச் சேமித்துவிட்டால் அந்தக் குறிப்பு போய்விடலாம். பிறகு எது மேல், எது கீழ் என்று நிரலுக்குத் தெரியாது.

இரண்டாவது, ஆர்ஜிபி நிறமுறைக்கு மாற்றுதல். பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தை அப்படியே ஜேபெக் ஆகச் சேமிக்க முயன்றால் பில்லோ மறுத்துவிடும்.

மூன்றாவது, எல்லாப் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருதல். இதற்குப் பில்லோவில் இரண்டு வழிகள் உண்டு: ஃபிட், பேட். இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகள் ஃபிட் என்பதையே பயன்படுத்துகின்றன. அது படத்தின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டும். முகப் படத்துக்கு அது சரி. நீளமான வாளைக்கும் சீலாவுக்கும் அது கூடாது. தலையும் வாலும் போன மீனைப் பார்த்து யார் வாங்குவார்கள்? பேட் என்பது படத்தை முழுதாகச் சுருக்கி, மீதி இடத்தை நீங்கள் சொல்லும் நிறத்தால் நிரப்பும். வெள்ளை நிறம் கொடுங்கள், தாளோடு கலந்துவிடும்.

நான்காவது, சீர்செய்த படங்களுக்கான ஃபோல்டரில் ஜேபெக் ஆக, தரம் 85 என்று கொடுத்துச் சேமித்தல்.

இப்படி ஒருமுறை பில்லோ வழியாகப் போய்வருவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. பைத்தான்-டாக்ஸ் கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில அடையாளங்களை வைத்தே அது என்ன படம் என்று முடிவுசெய்கிறது. பெயரில் ஜேபெக் என்றிருந்தாலும் அந்த அடையாளம் இல்லாத கோப்பு வந்தால் 'அன்ரெகக்னைஸ்ட் இமேஜ் எரர்' என்று நின்றுவிடும். வெப்பி வகைப் படங்களும் அப்படித்தான். பில்லோ புதிதாக எழுதும் ஜேபெக் கோப்பில் இந்தச் சிக்கல் வராது. ஐபோனின் ஹெய்க் படங்களைப் பில்லோவும் தானாகத் திறக்காது. பில்லோ-ஹெய்ஃப் என்ற துணைத் தொகுப்பை நிறுவ வேண்டும், அல்லது எடுக்கும்போதே ஜேபெக் ஆக எடுக்கச் சொல்ல வேண்டும்.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். உச்சி வெயிலில் மணலில் பரப்பிய கருவாட்டை எடுத்தால் வெளிச்சம் அடித்து மீனின் நிறமே தெரியாது. காலையிலோ நிழலிலோ, வெள்ளைத் துணி அல்லது தாள் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் சிறிய நெத்திலியா பெரிய நெத்திலியா என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படமானாலும் 40 மி.மீ. அச்சுக்குப் போதும்.

4. விவரக் கோப்பும் படப் பெயர்களும்

பெயர், எடை, விலை, படக் கோப்பின் பெயர் ஆகிய நான்கும் எக்செலில் இருக்கட்டும். விலையை நிரலுக்குள் எழுதாதீர்கள். தடைக்காலத்தில் விலை மாறும்போது குழுவில் இருக்கும் யாரும் எக்செலைத் திறந்து மாற்ற முடிய வேண்டும். நிரலைத் தொடும் தேவை வரக்கூடாது.

சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு. வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பைத்தானில் திறக்கும்போது எழுத்துமுறை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். அந்த 'சிக்' இல்லாவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். 'பெயர்' என்ற நெடுவரிசை கண்ணெதிரே இருந்தும் நிரல் அதைக் காணோம் என்று சொல்லும்.

பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த பட்டியல் கையில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

படக் கோப்புகளின் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருப்பது நல்லது. தமிழ்ப் பெயர் வைத்தாலும் பைத்தான் திறக்கும். ஆனால் 'கொ' போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் அந்த இரண்டும் கணினிக்கு வேறு வேறு, கோப்பு கிடைக்காது. விண்டோஸில் கோப்பு வகையைக் காட்டும் தேர்வையும் இயக்கிவையுங்கள். இல்லையென்றால் ஜேபிஜி என்ற பின்னொட்டு இரண்டு முறை சேர்ந்த பெயர்கள் உருவாகி மறைந்திருக்கும்.

5. வேர்டில் மாதிரிக் கோப்பைக் கையால் செய்யுங்கள்

அட்டவணையின் தோற்றத்தை முழுக்க நிரலால் கட்டுவது தேவையற்ற பாடு என்பது என் உறுதியான கருத்து. எழுத்துரு, கோடு, தலைப்பு வரிசை, பக்கம் உடைதல் ஆகியவற்றை வேர்டிலேயே ஒருமுறை அமைத்துவிட்டு, நிரப்பும் வேலையை மட்டும் நிரலிடம் கொடுங்கள். புதிதாக ஒரு கோப்பைப் பைத்தான்-டாக்ஸ் உருவாக்கினால் தாள் அளவே அமெரிக்க லெட்டர் அளவாக வரும், ஏ4 வராது. மாதிரிக் கோப்பு இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

வேர்டில் ஏ4 தாளும் 15 மி.மீ. ஓரமும் வைத்து, இரண்டு வரிசை, நான்கு நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள். இரண்டாவது வரிசை வெறுமையாக இருக்கட்டும். அதுதான் நம் மாதிரி வரிசை. பின்வருவனவற்றை அமையுங்கள்:

அட்டவணைப் பண்புகளில், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அகலம் மாறும் தேர்வை நீக்குங்கள். இது இருக்கும் வரை நீங்கள் கொடுத்த 45 மி.மீ.க்கு மதிப்பு இல்லை. பிறகு நான்கு நெடுவரிசைக்கும் அகலம் கொடுங்கள்.

தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் தேர்வை இயக்குங்கள். மாதிரி வரிசையில், வரிசை இரண்டு பக்கமாக உடையலாம் என்ற தேர்வை நீக்குங்கள். இல்லாவிட்டால் பக்கக் கடைசியில் விலை மேலேயும் அதன் அடுத்த வரி கீழேயுமாகப் பிரிந்துவிடும்.

மாதிரி வரிசையின் உயரத்தை 'குறைந்தது 32 மி.மீ.' என்று வையுங்கள். 'சரியாக' என்பதைத் தேர்ந்தெடுத்தால், உயரம் சற்றே போதாமல் போனாலும் படத்தின் ஒரு பகுதி மறைந்துவிடும். வரி இடைவெளிக்கும் இதே எச்சரிக்கை. படம் வரும் கட்டத்தில் வரி இடைவெளி 'சரியாக 12 பாயின்ட்' என்று இருந்தால், படத்தின் அடிப்பகுதி ஒரு மெல்லிய கீற்றாக மட்டும் தெரியும். 'படம் வரவில்லை' என்று நிரலைக் குடைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. ஒற்றை இடைவெளி வையுங்கள். பத்திக்கு முன்னும் பின்னும் பூஜ்யம்.

எழுத்துருவை நேரடியாகக் கொடுக்காமல் ஒரு பத்திப் பாணியாக உருவாக்கி, மாதிரி வரிசையின் கட்டங்களுக்கு அந்தப் பாணியைக் கொடுங்கள். தமிழுக்கு வேர்டு தனியாக ஓர் எழுத்துருவும் அளவும் வைத்திருக்கிறது. பைத்தான்-டாக்ஸில் ஃபான்ட் பெயரை மாற்றினால் ஆங்கில எழுத்துக்கு மட்டும் மாறி, தமிழ் அப்படியே நிற்பது அதனால்தான். நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பாணியில் வைத்துவிட்டால் நிரலில் எதையும் தொட வேண்டாம்.

கோப்பை 'மாதிரி' என்று சேமித்து மூடுங்கள்.

6. வரிசையை நகலெடுத்தல்

நிரலில் டாக்குமென்ட் கட்டளைக்கு மாதிரிக் கோப்பின் பாதையைக் கொடுத்துத் திறந்து, முதல் அட்டவணையை எடுங்கள். பைத்தானில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் மாதிரி வரிசையின் எண் 1.

புதிய வரிசைக்கு ஆட்_ரோ என்ற கட்டளை இருக்கிறது. அது நெடுவரிசை அகலங்களைக் கொண்டுவரும். ஆனால் உயரம், உடையாத தேர்வு, பத்திப் பாணி எதையும் கொண்டுவராது. ஆகவே பைத்தானோடு வரும் காப்பி மாட்யூலின் டீப்காப்பி மூலம் மாதிரி வரிசையின் '_டிஆர்' என்ற உள்பகுதியை நகலெடுத்து, அட்டவணையின் '_டிபிஎல்' பகுதியின் கடைசியில் அப்பெண்ட் செய்யுங்கள். இரண்டு பெயர்களுக்கும் முன்னால் அடிக்கோடு உண்டு.

முதலில் நகல், பிறகு நிரப்புதல். மாதிரி வரிசையையே நிரப்பிவிட்டு நகலெடுத்தால், நெத்திலியின் படம் எல்லா வரிசையிலும் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாம் முடிந்த பிறகு மாதிரி வரிசையை ரிமூவ் செய்துவிடுங்கள்.

7. கட்டத்துக்குள் படம்

இதுதான் இந்த வேலையின் நெஞ்சுப் பகுதி. கட்டம் படத்தை நேராக ஏற்காது. வேர்டு கோப்பில் கட்டத்துக்குள் பத்தி, பத்திக்குள் ரன் என்ற எழுத்துத் துண்டு, அந்த ரன்னுக்குள்தான் படம். இந்த அடுக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

சேர்த்த கடைசி வரிசையின் செல்ஸ் என்ற பட்டியலை ஒருமுறை எடுத்து ஒரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தின் பாராகிராஃப்ஸ் பட்டியலில் பூஜ்ய எண்ணுள்ள பத்தியை எடுங்கள். அதில் ஆட்_ரன் மூலம் வெறும் ரன் ஒன்றை உருவாக்குங்கள். அந்த ரன்னில் ஆட்_பிக்சர் கட்டளைக்குப் படத்தின் பாதையையும், விட்த் என்பதற்கு எம்எம் 40 என்ற அளவையும் கொடுங்கள். எம்எம் என்பது டாக்ஸின் ஷேர்டு பகுதியிலிருந்து வரும் அளவுமுறை. வெறும் 40 என்று எழுதினால் வேர்டின் மிக நுண்ணிய உள் அலகாக அது எடுத்துக்கொள்ளப்பட்டு, படம் கண்ணுக்கே தெரியாது.

இந்த இடத்தில் நடக்கும் பிழைகளைத் தனித்தனியே சொல்கிறேன்.

படம் அட்டவணைக்குக் கீழே போய் நிற்கிறது. டாக்குமென்ட்டின் ஆட்_பிக்சரை அழைத்திருக்கிறீர்கள். அது எப்போதும் கோப்பின் கடைசியில்தான் வைக்கும். ரன்னின் ஆட்_பிக்சர் வேண்டும்.

படத்துக்கு மேலே ஒரு வெற்று வரி. கட்டத்தில் ஆட்_பாராகிராஃப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வெற்றுப் பத்தியோடுதான் பிறக்கிறது. புதிய பத்தி அதன் கீழே சேரும். இருப்பதையே பயன்படுத்துங்கள்.

வைத்த படம் மறைந்துவிட்டது. படத்துக்குப் பிறகு அதே கட்டத்தின் டெக்ஸ்ட் என்பதற்கு ஏதோ மதிப்பு கொடுத்திருக்கிறீர்கள். அது கட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதும். படத்தின் கீழ் எழுத்து வேண்டுமானால் ஆட்_பாராகிராஃப் பயன்படுத்துங்கள். அந்தக் கட்டளைக்குரிய இடம் இதுதான்.

படம் பூதமாக வருகிறது. அகலம் கொடுக்கவில்லை. படத்தில் அச்சு அடர்த்தி குறிக்கப்படாவிட்டால் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று பைத்தான்-டாக்ஸ் எடுத்துக்கொள்ளும். 4000 புள்ளிப் படம் 55 அங்குலத்துக்கு மேல் விரியும்.

மீன் நசுங்கித் தெரிகிறது. அகலம், உயரம் இரண்டையும் விகிதம் பார்க்காமல் கொடுத்திருக்கிறீர்கள். அகலம் மட்டும் கொடுத்தால் உயரம் தானாகச் சரியாகும்.

பெயர், எடை, விலை மூன்றையும் அந்தந்தக் கட்டத்தின் முதல் பத்தியில் ஆட்_ரன் மூலமே எழுதுங்கள். பத்திப் பாணி அப்படியே நிற்கும்.

8. படம் இல்லாத பொருள்களுக்கு

ஐம்பது பொருளில் இரண்டுக்காவது படம் வந்திருக்காது. ஆட்_பிக்சரை அழைக்கும் முன் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டத்தில் 'படம் பின்னர்' என்று எழுதிவிட்டு, அந்தப் பொருளின் பெயரை ஒரு பட்டியலில் சேருங்கள். நிரல் முடிந்ததும் அந்தப் பட்டியலைத் திரையில் காட்டுங்கள். யாரிடம் எந்தப் படம் கேட்க வேண்டும் என்று உடனே தெரியும்.

பலர் இதற்காக முழு நிரலையும் டிரை, எக்ஸெப்ட் என்று மூடி, எந்தப் பிழை வந்தாலும் கடந்துபோகச் செய்கிறார்கள். அது ஆபத்து. கெட்டுப்போன படம், தவறான பாதை, நெடுவரிசைப் பெயர் மாற்றம் எல்லாம் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டு, பாதிப் பட்டியல் வெற்றுக் கட்டங்களோடு வாங்குகிறவர் கைக்குப் போய்விடும்.

9. சேமிப்பதும் அனுப்புவதும்

மாதிரிக் கோப்பின் பெயரிலேயே சேமிக்காதீர்கள். அடுத்த முறைக்கு மாதிரி இருக்காது. தேதி சேர்த்த புதுப் பெயர் வையுங்கள். 'பர்மிஷன் எரர்' வந்தால் அதே கோப்பு வேர்டில் திறந்திருக்கிறது. மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் மூன்று பொருள்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நீளமான வாளை ஒன்று, பெயர் இரண்டு வரி போகும் பொருள் ஒன்று, படம் இல்லாதது ஒன்று. இந்த மூன்றும் சரியாக வந்தால் மீதியும் வரும்.

வாங்குகிறவருக்கு வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். அவர் செல்பேசியில் அந்த எழுத்துரு இருக்காது. வரிகள் நீண்டு வரிசைகள் இடம் மாறும். வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். லிப்ரே ஆஃபீஸில் மாற்றுவதாக இருந்தால், அந்தக் கணினியிலும் அதே தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுவரிசை அகலத்தையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். அச்சுக் கடைக்கும் பிடிஎஃப்தான். அச்சிடும்போது 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்ற தேர்வை நீக்கி, முதல் பக்கத்தை மட்டும் எடுத்து, படத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 40 மி.மீ. இருந்தால் மீதிப் பக்கங்களையும் அச்சிடச் சொல்லலாம்.